பிபிஏ-வில் சஸ்டைனபிலிட்டி: பில்லிலிருந்து படியுங்கள்

வணிக மேலாண்மை இளங்கலையில் சஸ்டைனபிலிட்டி மேனேஜ்மென்ட்டை (சுற்றுச்சூழலையும் மனிதர்களையும் கெடுக்காமல் தொழில் நடத்துவது பற்றிய படிப்பு) சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள் பலர் என்னிடம் இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறார்கள். நான் ஓர் உற்பத்தி நிறுவனத்தில் ஆண்டுதோறும் சஸ்டைனபிலிட்டி அறிக்கை தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். கணக்குப் பிரிவிலிருந்து இந்தப் பக்கம் வந்தவள். வருகிற பிள்ளைகளுக்கு விஷயம் நிறையத் தெரிந்திருக்கிறது. ஐநாவின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை வரிசையாகச் சொல்வார்கள், ஸ்லைடு அழகாகப் போடுவார்கள், அக்கறையும் உண்மையான அக்கறைதான். ஆனால் ஒரு மின்கட்டண பில்லைக் கையில் கொடுத்து, "இதற்கு எத்தனை டன் கார்பன்?" என்று கேட்டால் தயங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பாடம் அப்படித்தான் நடத்தப்படுகிறது. ஆகவே இந்தப் படிப்பை எப்படிப் படித்தால் வேலைக்கு உதவும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நிறுவனத்துக்குள் முடிவுகள் எண்களை வைத்துத்தான் எடுக்கப்படுகின்றன. ஓர் எண் எந்தக் காகிதத்திலிருந்து வந்தது என்று கடைசிவரை தேடிப் போய்ப் பார்த்தவர் பேசினால் கூட்டத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். பட்டப்படிப்பு முழுவதையும் அந்தப் பழக்கத்தைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை.

முதல் வருடப் பாடங்களை ஒப்பேற்றிவிடாதீர்கள்

நிதிக் கணக்கியல், செலவுக் கணக்கியல், புள்ளியியல், உற்பத்தி மேலாண்மை. "இதெல்லாம் எல்லோருக்கும் பொதுவான பாடம்தானே, பாஸ் ஆனால் போதும், சிறப்புப் பாடம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. சிறப்புப் பாடத்தின் கடினமான பகுதிகள் எல்லாம் இவற்றில்தான் இருக்கின்றன.

உதாரணமாக, நிதிக் கணக்கியலில் துணை நிறுவனங்களின் கணக்கை ஒன்றுசேர்க்கும் பாடம் ஒன்று வரும். பலருக்கு அது பிடிக்காது. ஆனால் ஒரு நிறுவனம் தன் கார்பன் கணக்கை, அதாவது தான் காற்றில் விடும் வெப்பமூட்டும் வாயுக்களின் (உமிழ்வின்) கணக்கைத் தொடங்கும்போது முதலில் எழும் கேள்வியே அதுதான்: எது நம்முடையது? ஒரு கூட்டுத் தொழிற்சாலையில் உங்கள் நிறுவனத்துக்கு 40 சதவீதப் பங்கு, ஆலையை நடத்துவது கூட்டாளி என்று வைத்துக்கொள்வோம். பங்கு அடிப்படையில் கணக்கிட்டால் அந்த ஆலையின் உமிழ்வில் 40 சதவீதம் உங்கள் கணக்கில் வரும். நடத்தும் அதிகாரம் யாரிடம் என்ற அடிப்படையில் கணக்கிட்டால், உங்களது நேரடி உமிழ்வில் அந்த ஆலையிலிருந்து ஒன்றுமே சேராது. இரண்டு முறைக்கும் விதிகளில் இடம் உண்டு. எதைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏன் என்று கேட்க வேண்டுமானால் அந்தப் பாடம் புரிந்திருக்க வேண்டும்.

செலவுக் கணக்கியலும் அப்படித்தான். ஒரே கொதிகலனின் நீராவி இரண்டு பொருள்களுக்குப் போகிறது. எரிபொருள் செலவை எப்படிப் பிரிப்பது என்று படிப்பீர்கள். செலவு என்ற இடத்தில் உமிழ்வு என்று போட்டால் அதே கணக்கு. எடையை வைத்துப் பிரித்தால் ஒரு விடை, விற்பனை மதிப்பை வைத்துப் பிரித்தால் வேறு விடை. உற்பத்தி மேலாண்மையில் வரும் பொருள் சமநிலை இன்னும் பயனுள்ளது. உள்ளே வந்த மூலப்பொருளின் எடை, வெளியே போன சரக்கு, கழிவு, கையிருப்பு மாற்றம் இவற்றின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு கழிவு யார் கணக்கிலும் எழுதப்படாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கு உற்பத்திப் பிரிவில் தனி மரியாதை கிடைக்கும்.

கோட்பாடுகளை ஜோடி ஜோடியாகப் படியுங்கள்

கோட்பாட்டுத் தாளில் பெயர்களும் வருடங்களும் கொட்டிக் கிடக்கும். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஒருவர் சொன்னதற்கு யார் மறுத்துப் பேசினார் என்று எதிரெதிராக வைத்துப் படித்தால் நிற்கும்.

வணிகத்தின் சமூகப் பொறுப்பு, விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் என்று மில்டன் ஃபிரீட்மன் 1970-ல் எழுதினார். பங்குதாரர் மட்டுமல்ல, ஊழியர், வாடிக்கையாளர், சப்ளையர், சுற்றியுள்ள மக்கள் எல்லோருடைய நலனும் நிறுவனத்தோடு பிணைந்திருக்கிறது என்ற வாதத்தை எட்வர்ட் ஃப்ரீமன் 1984-ல் விரித்து வைத்தார். நீடித்த வளர்ச்சி என்றால் வருங்காலத் தலைமுறையின் தேவைகளைப் பாதிக்காமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்யும் வளர்ச்சி என்ற வரையறையை 1987-ல் ஐநாவின் ப்ருண்ட்லாண்ட் ஆணையம் தந்தது. லாபம், மக்கள், பூமி என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறைக்கு 1994-ல் பெயர் வைத்தவர் ஜான் எல்கிங்டன். 2018-ல் அவரே, நிறுவனங்கள் இதை வெறும் கணக்குக் கருவியாக்கிவிட்டன, மறுபடி யோசிக்க வேண்டும் என்று எழுதினார். தான் கொண்டுவந்த கருத்தையே ஒருவர் திரும்ப அழைத்தார் என்றால் ஏன் என்று ஒரு வகுப்பு முழுக்க விவாதிக்கலாம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஹார்டினும் ஆஸ்ட்ரமும். பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாட்டைக் கூடுதலாக விட்டால் கடைசியில் நிலமே அழியும் என்று 1968-ல் கேரட் ஹார்டின் எழுதினார். அரசுக் கட்டுப்பாடு அல்லது தனியார் உடைமை, இரண்டில் ஒன்றுதான் வழி என்று அதிலிருந்து பலர் முடிவு கட்டிவிட்டார்கள். எலினார் ஆஸ்ட்ரம் நடைமுறையில் என்ன நடந்தது என்று பார்த்தார். சுவிட்சர்லாந்தின் மலைக் கிராம மேய்ச்சல் நிலங்கள், ஸ்பெயினின் பாசன வாய்க்கால்கள், ஜப்பானியக் கிராமக் காடுகள் என்று மக்கள் தாங்களே விதி வகுத்து நூற்றாண்டுகளாகக் காப்பாற்றி வந்த இடங்களை ஆராய்ந்தார். யார் பயன்படுத்தலாம் என்ற எல்லை தெளிவாக இருந்தது, கண்காணிப்பவர் அந்த மக்களுக்குப் பொறுப்பானவராக இருந்தார், விதி மீறினால் தண்டனை சிறிதாகத் தொடங்கி ஏறியது. 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்தான். ஒரே நிலத்தடி நீரை இழுக்கும் பத்து ஆலைகள் பற்றிக் கேஸ் ஸ்டடி வந்தால், இந்த ஜோடியை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். விடை வேறு தரத்தில் இருக்கும்.

கேடு விளைவிப்பவர் மேல் வரி போடலாம் என்ற பீகூவையும் (1920), உரிமைகள் தெளிவாக இருந்தால் சம்பந்தப்பட்டவர்களே பேரம் பேசித் தீர்க்கலாம் என்ற கோஸையும் (1960) இதேபோல் சேர்த்துப் படித்தால் கார்பன் வரிக்கும் கார்பன் சந்தைக்கும் உள்ள வேறுபாடு தானாகப் புரியும்.

ஒரு பில்லை டன்னாக மாற்றுவது

இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஜிஎச்ஜி புரோட்டோகால் என்ற, வெப்பமூட்டும் வாயுக்களைக் கணக்கிடும் வழிகாட்டி முறையின் முதல் பதிப்பு 2001-ல் வந்தது, இப்போது பரவலாகப் புழங்குவது 2004-ன் திருத்திய பதிப்பு. உமிழ்வை அது மூன்று பகுதிகளாகப் பிரிக்கிறது. நிறுவனம் தானே எரிப்பதும் கசியவிடுவதும் ஸ்கோப் 1. வாங்கிய மின்சாரம், நீராவி போன்றவை ஸ்கோப் 2. சப்ளையரில் தொடங்கி, விற்ற பொருளை வாடிக்கையாளர் பயன்படுத்தித் தூக்கிப்போடுவது வரை மீதி எல்லாம் ஸ்கோப் 3. வரையறை இவ்வளவுதான். தேர்வுக்கு இது போதும், வேலைக்குப் போதாது.

ஒரு சிறிய அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஜெனரேட்டரும் டெலிவரி வேனும் சேர்ந்து 800 லிட்டர் டீசல். மின்சாரம் 12,000 யூனிட். அவ்வளவுதான் என்று உரிமையாளர் சொல்கிறார்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். 800-ஐப் பெருக்கினால் 2,144 கிலோ, அதாவது 2.1 டன். ஒரு லிட்டர் டீசல் ஒரு கிலோ எடைகூட இல்லையே, இரண்டரைக் கிலோவுக்கு மேல் எப்படி வருகிறது என்று கேட்கும் மாணவரை எனக்குப் பிடிக்கும். எரியும்போது டீசலில் உள்ள கார்பன் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, எடை அங்கிருந்து வருகிறது. இப்படி ஒவ்வொரு பெருக்கல் எண்ணுக்கும் காரணம் கேட்டுப் பழகுங்கள்.

அடுத்து மின்சாரம். நிலக்கரியை நம்பியிருக்கும் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.8 கிலோ என்று வைத்தால் 9.6 டன். நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் மிகுந்த இடத்தில் 0.05 கிலோ என்றால் 0.6 டன். அதே இயந்திரம், அதே மீட்டர், அதே 12,000 யூனிட். இப்படிப் பெருக்கும் எண்ணைத்தான் காரணி என்கிறோம். ஆகவே எந்த நாட்டின், எந்த வருடத்தின் காரணி என்று எழுதாமல் மின்சார உமிழ்வைச் சொல்லக் கூடாது. இன்னொன்றும் உண்டு. நிறுவனம் காற்றாலை மின்சாரத்துக்குத் தனி ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒப்பந்தப்படி ஒரு கணக்கு, மின்தொகுப்பின் சராசரிப்படி ஒரு கணக்கு என்று இரண்டையும் காட்டச் சொல்கிறது 2015-ல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி. அறிக்கையின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வருவது இரண்டில் சிறிய எண்ணாகத்தான் இருக்கும். மற்றதைப் பின்னால் தேடுங்கள்.

உரிமையாளர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது: ஏசி. அந்த வருடம் ஏசியில் வாயு கசிந்துபோய் 2 கிலோ ஆர்-410ஏ நிரப்பியிருக்கிறார்கள். அந்த வாயு கார்பன் டை ஆக்ஸைடைவிடச் சுமார் 2,000 மடங்கு வெப்பமூட்டும் திறன் கொண்டது. 2 கிலோ என்றால் 4 டன். வருடம் முழுக்க ஓடிய டீசலைவிட இரண்டு மடங்கு! என்னிடம் வந்த ஒரு மாணவி மின்சாரம், டீசல் பில்களை எல்லாம் முடித்துவிட்டு, ஏசி வாயுக்கு பில்லே இல்லை என்று நின்றாள். பராமரிப்புப் பொறுப்பாளரிடம் போய்க் கேள் என்று அனுப்பினேன். "அது தனியா வராதும்மா, ரிப்பேர் செலவோட சேர்ந்துதான் இருக்கும்" என்று அவர் சர்வீஸ்காரரின் ரசீதை எடுத்துக் கொடுத்தார். பழுது பார்த்த கூலிக்குக் கீழே, கையெழுத்தில், வாயுவின் பெயரும் எடையும் இருந்தன. எந்தச் செலவு எந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கும் என்பது வகுப்பில் வராது. ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்தவரைக் கேட்டால் வரும். அவர்களிடம் பணிவோடு கேட்கப் பழகுங்கள்.

மின்சாரத்துக்கு 9.6 டன் என்று வைத்து, இதுவரை கூட்டினால் 15.7 டன். "15.744" என்றெல்லாம் எழுத வேண்டாம். காரணிகளே உத்தேசமாக இருக்கும்போது மூன்று தசமத்துக்கு அர்த்தம் இல்லை. சுமார் 16 டன் என்பதுதான் நேர்மையான விடை.

அச்சகத்தின் பெரிய உமிழ்வு இன்னும் வரவே இல்லை: வாங்கிய காகிதம். ஸ்கோப் 3-க்கென்று 2011-ல் வந்த தரநிலை அதை 15 வகைகளாகப் பிரிக்கிறது. காகிதம் முதல் வகையிலேயே வந்துவிடும். இங்கே கவனம் தேவை. பல நிறுவனங்கள் செலவழித்த பணத்தை ஒரு சராசரிக் காரணியால் பெருக்கி விடை சொல்லிவிடுகின்றன. காகித விலை 10 சதவீதம் ஏறினால் அதே எடைக் காகிதத்துக்கு உமிழ்வும் 10 சதவீதம் ஏறியதாகக் கணக்கு காட்டும்! விலை இறங்கினால் ஒன்றுமே செய்யாமல் பாராட்டு வாங்கலாம். எடையை வைத்துக் கணக்கிட முடிகிற இடத்தில் எடையையே பிடியுங்கள். பணத்தை வைத்துக் கணக்கிட்டால் அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

மீத்தேனுக்கு வரும்போது கால அளவையும் சேர்த்து எழுதுங்கள். 100 வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்ஸைடைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும், 20 வருடக் கணக்கில் 80 மடங்கு. கால்நடை, குப்பைமேடு, இயற்கை எரிவாயு சார்ந்த தொழில்களில் இந்த ஒரு தேர்வே முழுப் படத்தையும் மாற்றிவிடும்.

குறைந்தது என்று சொன்னால்

"எங்கள் உமிழ்வை 20 சதவீதம் குறைத்துவிட்டோம்" என்ற வரியைப் பார்த்தால், எதற்கு 20 சதவீதம் என்று கேளுங்கள். ஒரு பொருளுக்கு 20 சதவீதம் குறைந்து, உற்பத்தி 50 சதவீதம் கூடியிருந்தால் மொத்த உமிழ்வு 20 சதவீதம் ஏறியிருக்கிறது. காற்றுக்கு மொத்தம்தான் தெரியும். ஒரு பொருளுக்கான கணக்கு வீண் என்று சொல்ல வரவில்லை, ஆலையின் திறமையை அது காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். திறமை கூடினால் பயன்பாடும் கூடலாம் என்பதை நிலக்கரியை வைத்து ஜெவான்ஸ் 1865-லேயே எழுதிவிட்டார். பொருளாதார வகுப்பில் அந்தப் பெயர் வந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு பொருளின் பாதிப்பை மூலப்பொருளிலிருந்து குப்பையாவது வரை கணக்கிடும் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்ஓ 14040, 14044 என்று 2006-ல் வந்த தரநிலைகள் அதற்கு இருக்கின்றன. கண்ணாடி பாட்டில் நல்லதா, பிளாஸ்டிக் பாட்டில் நல்லதா என்ற கேள்விக்கு அப்படியே விடை கிடையாது. எத்தனை முறை திரும்ப நிரப்பப்படுகிறது, எவ்வளவு தூரம் லாரியில் போகிறது, கடைசியில் என்ன ஆகிறது என்று கேட்டு, "ஆயிரம் லிட்டர் பானத்தைக் கொண்டு சேர்ப்பது" போல ஒரு பொது அளவை வைத்தபிறகுதான் ஒப்பிட முடியும். இளங்கலை அளவில் மென்பொருள் ஓட்டத் தெரிவதைவிட இந்தக் கேள்விகளைச் சரியாக அமைக்கத் தெரிவது முக்கியம்.

தரநிலைகளின் காட்டில்

மாணவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். சஸ்டைனபிலிட்டி அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லும் தரநிலைகளும் விதிகளும் ஜிஆர்ஐ, ஐஎஸ்எஸ்பி, சிஎஸ்ஆர்டி என்று சுருக்கெழுத்துகளாகவே வரும். அவற்றின் பிரிவு எண்களை மனப்பாடம் செய்து பயனில்லை, விதிகள் நீங்கள் படித்து முடிப்பதற்குள் மாறும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் கொண்டுவந்த சிஎஸ்ஆர்டி விதியையே 2025 பிப்ரவரியில் பெரிய அளவில் சுருக்க முன்மொழிந்துவிட்டார்கள். ஒவ்வொரு தரநிலையிடமும் "நீ யாருக்காகப் பேசுகிறாய்?" என்று கேளுங்கள். அந்த விடை மாறாது.

ஒரு குளிர்பான ஆலை. அந்த வட்டாரத்தில் நீர் குறைந்துகொண்டே வருகிறது. ஐஎஸ்எஸ்பி முதலீட்டாளருக்காகப் பேசுகிறது: நீர் இல்லாமல் போனால் இந்த நிறுவனத்தின் வருமானம் என்னவாகும்? 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டின்போது அறிவிக்கப்பட்டு, 2023 ஜூனில் ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 என்ற இரண்டு தரநிலைகளை வெளியிட்ட அமைப்பு இது. 1997-ல் தொடங்கிய ஜிஆர்ஐ மறுபக்கம் நின்று கேட்கிறது: இந்த ஆலை இழுக்கும் நீரால் சுற்றியுள்ள கிணறுகள் என்னவாகும்? ஐரோப்பிய விதியான சிஎஸ்ஆர்டி இரண்டையும் கேட்கிறது, அதைத்தான் இரட்டை முக்கியத்துவம் என்கிறார்கள். கிணறு வற்றினாலும் நிறுவனத்தின் வருமானம் குறையாத ஒரு நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். முதல் கேள்வியில் அது வராமலே போகும், இரண்டாவதில் வந்தே தீரும். இந்த ஒரு வேறுபாடு புரிந்துவிட்டால் தரநிலைகள் பற்றிய தாளில் பாதி முடிந்தது.

அறிக்கை படிக்கும் முறையும் ஒன்று சொல்கிறேன். பின்னாலிருந்து தொடங்குங்கள். தணிக்கையாளரின் உறுதிமொழிப் பக்கம் அங்கே இருக்கும். லிமிடெட் அஷ்யூரன்ஸ் என்றால் "தவறு இருப்பதாக எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை" என்ற அளவுதான். ரீசனபிள் அஷ்யூரன்ஸ் என்றால் நிதிக் கணக்குத் தணிக்கைக்கு நெருக்கமான ஆழம். எந்தெந்த எண்களுக்கு மட்டும் அந்த உறுதி என்றும் பாருங்கள். பல நேரம் சில எண்கள்தான் சோதிக்கப்பட்டிருக்கும். பிறகு எல்லை: எந்த ஆலைகள் சேர்ந்திருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன. பிறகு அடிப்படை வருடம், அதாவது எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. இவை முடிந்தபிறகு தலைவரின் முன்னுரைக்குப் போகலாம்.

அதே நிறுவனத்தின் மூன்று நான்கு வருடத்துக்கு முந்தைய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அப்போது சொன்ன இலக்கு இப்போதும் இருக்கிறதா? சில இலக்குகள் எட்டப்படாமலேயே சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும், சிலவற்றின் வருடம் தள்ளிப் போயிருக்கும். ஒரு செமஸ்டருக்கு ஒரு நிறுவனம் என்று இதைச் செய்தால் பட்டம் வாங்கும்போது அரை டஜன் நிறுவனங்களை உள்ளும் புறமும் அறிந்திருப்பீர்கள்.

ஈஎஸ்ஜி ரேட்டிங்கை (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகியவற்றில் நிறுவனங்களுக்குத் தரும் மதிப்பெண்) வைத்து ஆராய்ச்சி எழுத நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 செப்டம்பரில், டீசல் கார்களின் உமிழ்வுச் சோதனையை ஏமாற்ற மென்பொருள் பொருத்தியதாக ஃபோக்ஸ்வாகன் மீது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குற்றம்சாட்டியது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே மாதம்தான் டவ் ஜோன்ஸ் சஸ்டைனபிலிட்டி குறியீட்டில் வாகனத் துறையின் முதலிடம் அதற்குத் தரப்பட்டிருந்தது, பிறகு நீக்கினார்கள். ஆறு ரேட்டிங் நிறுவனங்கள் தந்த மதிப்பெண்களை ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றுக்கிடையேயான ஒட்டுறவு (முழுக்க ஒத்துப்போனால் 1) சராசரியாக 0.54 என்று வந்தது. ஒரே நிறுவனத்தை ஒருவர் உயர்த்தியும் இன்னொருவர் தாழ்த்தியும் மதிப்பிடுகிறார்கள். ஆகவே ரேட்டிங்கை எடுத்து லாபத்தோடு பொருத்தி ஒரு கோடு போட்டு ப்ராஜெக்ட் முடித்துவிடாதீர்கள். அந்த ரேட்டிங் எதை அளந்தது என்று ஒரு அத்தியாயம் எழுதினால் அதற்கே மதிப்பு அதிகம்.

நிதி மேலாண்மை வகுப்பில் ஒரு கேள்வி

எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் தள்ளுபடி வீதம் எல்லோரும் படிப்பதுதான். ஐம்பது வருடம் கழித்து வரப்போகும் 100 கோடி நஷ்டத்தைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம் என்று அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். 1.4 சதவீதம் என்று வைத்தால் சுமார் 50 கோடி. 5.5 சதவீதம் என்றால் 7 கோடிகூட இல்லை. பிரிட்டிஷ் அரசுக்காக 2006-ல் அறிக்கை தந்த நிக்கலஸ் ஸ்டெர்னுக்கும், பின்னாளில் 2018-ல் நோபல் பெற்ற வில்லியம் நார்ட்ஹாஸுக்கும் இடையே நடந்த பெரிய விவாதம் ஏறக்குறைய இந்த இரண்டு எண்களைச் சுற்றித்தான். உடனே பெரிதாகச் செய்ய வேண்டும் என்ற ஸ்டெர்னின் வாதமும், படிப்படியாகப் போகலாம் என்ற நார்ட்ஹாஸின் வாதமும் ஒரு சதவீத எண்ணுக்குள் அடங்கியிருக்கின்றன. பிறக்காதவர்களின் நலனுக்கு நாம் எவ்வளவு எடை தருகிறோம் என்பதே அந்த எண். இதைக் கால்குலேட்டரில் ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால், நிறுவனத்தின் முதலீட்டுக் கமிட்டியில் "திரும்பக் கிடைக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆனால் வேண்டாம்" என்று யாராவது சொல்லும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

மனிதர்களை விட்டுவிடாதீர்கள்

கார்பனுக்கு எண் கிடைப்பதால் எல்லோரும் கார்பனையே பேசுகிறோம். நானும் இவ்வளவு நேரம் அதைத்தான் பேசினேன். ஆனால் இந்தப் படிப்பின் மறுபாதி தொழிலாளர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்திருந்தது. ஆடைத் தொழிலாளர்களை மறுநாள் மறுபடி உள்ளே அனுப்பினார்கள். அடுத்த மாதமே கட்டடப் பாதுகாப்புக்கென்று பிராண்டுகளையும் தொழிற்சங்கங்களையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்று உருவானது.

இதை வணிக அறம் என்ற தாளில் மட்டும் படித்தால் யாரோ கெட்டவர்கள் செய்த காரியமாக முடிந்துவிடும். சப்ளை செயின் தாளையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். ஆர்டரைக் கடைசி நிமிடத்தில் மாற்றுவது, டெலிவரி தேதியை மட்டும் மாற்றாமல் இருப்பது, தாமதத்துக்கு அபராதம், வருடா வருடம் விலையைக் குறைக்கச் சொல்வது என்று வாங்கும் பிரிவின் சாதாரண நடைமுறைகள் அடுத்த முனையில் ஒரு மேற்பார்வையாளரின் மேல் எப்படி அழுத்தமாகப் போய் இறங்குகின்றன என்று வரைந்து பாருங்கள். வாங்கும் பிரிவுக்கு வேலைக்குப் போகும் பிபிஏ பட்டதாரி ஒருவர் இந்தச் சங்கிலியைப் புரிந்துகொண்டு போனால், சஸ்டைனபிலிட்டி என்ற பெயரே இல்லாத நாற்காலியிலிருந்து நிறையச் செய்ய முடியும். அப்படிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

பாடத்திட்டம், விருப்பப் பாடம், ப்ராஜெக்ட்

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருந்தால் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தாள்களின் பெயர்கள் எல்லாம் அறிமுகமும் கண்ணோட்டமுமாகவே இருந்தால் யோசியுங்கள். கணக்கிடும் தாள் ஒன்றாவது இருக்க வேண்டும்: கார்பன் கணக்கியல், வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, சுற்றுச்சூழல் பொருளாதாரம் இவற்றில் ஏதாவது. நிறுவனத்தோடு சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட் கட்டாயமாக இருந்தால் இன்னும் நல்லது. சிறப்புப் பாடமே இல்லாத கல்லூரியில் சேர்ந்துவிட்டீர்களா, பரவாயில்லை. பொது பிபிஏ படித்துக்கொண்டே ஒவ்வொரு தாளின் அசைன்மென்ட்டையும் இந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். மார்க்கெட்டிங்கில் பசுமைப் பூச்சு விளம்பரம் (இல்லாத சுற்றுச்சூழல் அக்கறையை இருப்பதாகக் காட்டுவது), சட்டத்தில் அறிக்கை விதிகள், மனிதவளத்தில் ஒப்பந்தத் தொழிலாளர் என்று. ஆசிரியர்கள் பொதுவாகச் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்வார்கள்.

விருப்பப் பாடத்தில் ஒன்றை மட்டும் வெளியிலிருந்து எடுக்க முடியும் என்றால் சுற்றுச்சூழல் அறிவியலின் அடிப்படைத் தாளை எடுங்கள். நீர் சுழற்சியும் மண்ணும் தெரியாமல் நீர் மேலாண்மைத் திட்டம் எழுதுவது கஷ்டம். எக்செல் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்: அலகு எழுதாத ஒரு கட்டமும் உங்கள் ஷீட்டில் இருக்கக் கூடாது. லிட்டரா, கிலோவா, டன்னா என்று தெரியாத எண்ணால் ஒரு முழு அறிக்கையும் கெட்டுப்போகும்.

வேலைகளைப் பொறுத்தவரை, நிறுவனங்களின் அறிக்கைக் குழு, தணிக்கை நிறுவனங்களின் உறுதியளிப்புப் பிரிவு, ஆலோசனை நிறுவனம், வங்கியின் கடன் ஆபத்துப் பிரிவு, சப்ளையர் தணிக்கை என்று பல பக்கமும் கதவு இருக்கிறது. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 14001 தெரிந்தவர்களை ஆலைகள் விரும்புகின்றன.

இறுதி வருட ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. "பசுமைப் பொருள்கள் மீது நுகர்வோர் மனப்பான்மை" என்று நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துத் திரும்பி வாங்குவதை விட்டுவிடுங்கள். பசுமைப் பொருளை வாங்குவேன் என்று எல்லோரும் டிக் செய்வார்கள். உங்கள் கல்லூரியையே எடுத்துக்கொள்ளலாம்: விடுதிச் சமையலறை எரிவாயு, பேருந்துகளின் டீசல், மின்சாரம், ஏசி வாயு, குப்பை. பில்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, கேட்டால் தருவார்கள். அல்லது ஒரு சிறு தொழிற்சாலையின் ஒரே ஒரு கழிவு: அது எங்கே உண்டாகிறது, எவ்வளவு, யார் எடுத்துப் போகிறார்கள், போன இடத்தில் என்ன ஆகிறது. கடைசிக் கேள்விக்கு விடை தேட அந்தக் கழிவை ஏற்றிப் போகும் வண்டியின் பின்னால் போக வேண்டியிருக்கும். போங்கள். ப்ராஜெக்ட்டின் சிறந்த பக்கங்கள் அங்கேதான் கிடைக்கும்.

தரவு கேட்டு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும்போது "சஸ்டைனபிலிட்டி தொடர்பான விவரங்கள் தேவை" என்று எழுதாதீர்கள், அப்படி வரும் கடிதத்தை யாருக்கு அனுப்புவது என்றே எங்களுக்குத் தெரியாது. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த பில், எந்த அலகில் என்று ஒரு சிறு அட்டவணையாகக் கேளுங்கள். எதற்குப் பயன்படுத்துவீர்கள், நிறுவனத்தின் பெயரை வெளியிடுவீர்களா இல்லையா என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்தும் இருக்கட்டும். நிதியாண்டு முடியும் மாதத்திலும் அதற்கு அடுத்த மாதத்திலும் கணக்குப் பிரிவில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. அதற்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.